நல்லி எலும்பைத் தொடாத சம்பந்தி

ஆனி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோழவந்தானில் என் தங்கை மாயக்காள் வீட்டுக் கூடத்தில் பந்தி விரித்திருந்தார்கள். அவள் மகள் அஸ்வினியைச் செல்லம்பட்டிப் பக்கத்துச் சூர்யபிரகாஷுக்குக் கொடுப்பதென்று பேச்சு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வந்திருந்தனர். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் ஒரு வாய்ச் சோறும் உண்ணமாட்டார்கள். உண்டுவிட்டால் அது கையெழுத்திட்டதற்குச் சமம். ஆகவே அந்தப் பந்தியில் யார் எதை உண்கிறார் என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். கவனியாதவர் போல இருப்பார்கள்.

மாப்பிள்ளையின் தந்தை கருத்தக்கண்ணன் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்தார். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். ஆண்கள் மட்டும் கூடி உண்ணும் கோயில் கிடா விருந்துகளில் அவர் பெயர் பெற்றவர். எலும்பைத் தட்டி உள்ளிருப்பதை உறிஞ்சி எடுக்கும் திறமைக்காக அவரை ‘நல்லிக்கண்ணன்’ என்றே ஊரார் அழைப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அதனால்தான் அஸ்வினியின் தந்தை தங்கப்பாண்டி, குழம்புச் சட்டியிலிருந்து நல்ல நல்லி எலும்பாகப் பொறுக்கி, பரிமாறுகிறவர்களிடம் கொடுக்காமல், தம் கையாலேயே சம்பந்தியின் இலையில் வைத்தார்.

கருத்தக்கண்ணன் அதைத் தொடவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரல் நுனியால் இலையின் ஓரத்திற்கு நகர்த்தினார். கறித்துண்டுகளும் அதன் பின்னே போயின. சோற்றில் ரசத்தை ஊற்றிக் கூழாகும்வரை பிசைந்து விழுங்கினார். அடிக்கடித் தண்ணீர் கேட்டார். அதையும் வெந்நீராகக் கேட்டார். சம்பந்தி கை கழுவி வந்தபின், தங்கப்பாண்டி தம் கொடிக்காலில் அன்று காலை கிள்ளிய கொழுந்து வெற்றிலையை நீட்டினார். அவர் இரு கைகளாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “போற வழியில போட்டுக்கிறேன்” என்றார்.

அவர்கள் வந்த கார் தெருமுனையைக் கடக்கும் முன்பே கூடத்தில் வழக்கு தொடங்கிவிட்டது.

“பாத்தீகளா மச்சான்?” என்றார் தங்கப்பாண்டி. “கறியத் தள்ளி வச்சாரு. வெத்தலையப் பையில போட்டாரு. இதுக்கு மேல வாயால வேற சொல்லணுமா?”

“வயிறு சரியில்லாம இருந்திருக்கும் மாப்ள” என்றேன்.

“நல்லிக்கண்ணனுக்கா? காச்சல்ல கெடந்தாலும் குடல் கறி கேக்கிற ஆளும்பாக.”

மாயக்காள் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டே, “நகை பத்தலைன்னு நெனச்சிருப்பாக” என்றாள்.

“நெனச்சா வாயத் தொறந்து கேக்கணும். எலையில கேக்கக் கூடாது. வார வெள்ளிக்குள்ள அங்கிருந்து ஒரு வார்த்தை வரல, வாடிப்பட்டியில பொண்ணு கேட்டவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன்.”

எனக்குச் சினம் வந்தது. ஒரு மனிதர் ஓர் எலும்பை நகர்த்தியதை வைத்துக்கொண்டு, அவருடைய எண்ணம், அவர் மனைவியின் எண்ணம், அவர்கள் எதிர்பார்க்கும் நகையின் எடை என்று எல்லாவற்றையும் சில நிமிடங்களில் முடிவு செய்துவிட்டார்கள். என் வகுப்பில் எவனாவது ஒரு பாடலின் முதல் அடியைப் படித்துவிட்டு இவ்வாறு பொருள் சொல்லியிருந்தால் அவனை எழுந்து நிற்கச் செய்திருப்பேன். ஆயினும் தங்கப்பாண்டியிடம் நான் வாதிடவில்லை. அவர் சொன்னதை மறுப்பதற்கு என்னிடமும் சான்று இல்லை.

கொல்லையில் அஸ்வினி பாத்திரங்களை ஊற வைத்துக்கொண்டிருந்தாள். மதுரையில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்ப்பவள். சூர்யபிரகாஷும் அவளும் மாதக்கணக்காக அலைபேசியில் பேசிப் பழகி, இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. அவள் கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை.

“மாமா, நீங்கதான பக்கத்து எலையில இருந்தீக. அவரு சாப்பிடலையா, அவரால சாப்பிட முடியலையா?”

தல்லாகுளத்துக்குத் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது. சாப்பிட மறுப்பவர் ரசச்சோற்றையும் மறுத்திருக்க வேண்டும். அவரோ இலையைக் காலி செய்வதற்கு அரும்பாடு பட்டார். ஒவ்வொரு கவளத்தையும் இடக்கன்னத்திற்கே ஒதுக்கினார். அவரிடமிருந்து கிராம்பு வாசனை வந்தது. பந்தியில் அமரும்போது எவரும் கிராம்பு மெல்லுவதில்லை. கோடை வெயில் இன்னும் தணியாத ஆனியில் வெந்நீர் எதற்கு? நான் பேருந்தில் அமர்ந்து என் நாவால் என் பற்களையே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். அருகிலிருந்தவர் சற்றுத் தள்ளி அமர்ந்தார்.

மறுநாள் விடியும் நேரத்தில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனேன். தம் தோட்டத்துப் பூவைக் கருத்தக்கண்ணன் நாள்தோறும் தாமே கொண்டுவருவார் என்று அஸ்வினி சொல்லியிருந்தாள். ஈரச் சாக்குகளும் குவியல்களும் கூச்சலுமாக இருந்த இடத்தில், தராசுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்க வாத்தியாரய்யா. சம்பந்தி அனுப்பினாகளா?”

“யாரும் அனுப்பல. எனக்கு ஒரு சந்தேகம், அதான் வந்தேன். டீ சாப்பிடுவோமா?”

தேநீர்க்கடைக்காரர் அப்துல் ஹலீம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் வடையை நீட்டினார். “அண்ணனுக்குக் கேக்காதீக அய்யா. அண்ணனுக்கு டீய நல்லா ஆத்திக் குடுத்து, பன்ன அதுலயே ஊறப் போட்டுரணும். பச்சப்புள்ள கணக்கா.”

“ஓய் பாய், ஒம்ம சோலியப் பாரும்” என்றார் கருத்தக்கண்ணன்.

தேநீரோடு ஓரமாக வந்து நின்றோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

“எந்தெந்தப் பல்லு ஆடுது?”

அவர் தேநீரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, “எது ஆடலைன்னு கேளுங்க. அது சொல்றது சுளுவு” என்றார்.

“எம்புட்டு நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல வேப்பங்குச்சியில ரத்தமா வந்துச்சு. வயசாகுதுன்னு விட்டுட்டேன். பெறகு ஈறு வீங்குச்சு. போன மாசம் முருங்கக்காயச் சப்பினேன்யா. காய் வெளிய வரும்போது பல்லும் கூட வந்துருச்சு. வலிக்கக்கூட இல்ல. அதான் பயமாப் போச்சு.”

ஊரே பெயர் வைத்துக் கொண்டாடிய வாய் அது. அதைக்கொண்டு அவர் இப்போது என்ன உண்கிறார் என்று கேட்டேன். அவர் சிரிக்க முயன்றார்.

“வீட்டுல கேட்டா மார்க்கெட்டுல சாப்பிட்டேன்பேன். மார்க்கெட்டுல கேட்டா வீட்டுல சாப்பிட்டேன்பேன். கிடா வெட்டுன்னு சொல்லி விட்டாகன்னா தோட்டத்துக்குத் தண்ணி பாச்சணும்னு சொல்லிருவேன். நாக்குல ருசியே இல்லய்யா. வாயி எந்நேரமும் காஞ்சு கெடக்கு. சோறு திங்கிறது களை எடுக்கிற மாதிரி ஆயிருச்சு. முடிச்சாகணுமேன்னு முடிக்கிறது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இம்புட்டு மல்லிகைக்கு நடுவுல நிக்கிறேன். எதுக்க நின்னு பேசுறவுக ஒரு எட்டு பின்னால போவாக. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. பின்னால போவாக, அம்புட்டுத்தான்.”

“நேத்துப் பந்தியிலயே சொல்லியிருக்கலாம். பல்லு வலின்னா யாரு தப்பா நெனைக்கப் போறா?”

“பல்லுன்னு நிறுத்த முடியாதுய்யா. பல்லுன்னா, டாக்டர்கிட்டப் போகலையாம்பாக. ஏன் போகலைன்னா, எனக்குச் சுகர் இருக்கு.”

ஏதோ ஒரு மருத்துவ முகாமில் அவருக்குச் சர்க்கரை இருப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். சில மாதங்கள் மாத்திரை விழுங்கிவிட்டு நிறுத்திவிட்டார். மனைவிக்குக்கூடத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. சர்க்கரை உள்ளவனுக்குப் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது, ஆளே போய்விடுவான் என்று ஊர் மந்தைத் திடலில் பேசிக்கொள்வதைக் கேட்டு, பல் மருத்துவமனை இருக்கும் தெருவுக்கே அவர் போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்றும் இருந்தது.

“அப்பனுக்கு இருந்தா மகனுக்கும் வரும்பாக. சுகர் உள்ள வீடுன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாகளா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு இருக்கேன்.”

“கல்யாணமே இல்லைன்னு ஆகப் போகுது” என்றேன். தங்கப்பாண்டி அந்த இலையிலிருந்து என்ன பொருள் கொண்டார் என்பதையும், வெள்ளிக்கிழமைக் கெடுவையும் சொன்னேன்.

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். “எலும்பத் தள்ளினதுக்கா? நான் கை நனைச்சேனேய்யா. ரசஞ்சோறு சோறு இல்லையா? பாதியில எந்திரிச்சா மரியாதை இல்லைன்னு கண்ண மூடிக்கிட்டு முழுங்கினேன்.”

இரண்டு வீடுகளும் ஒரே இலையைப் பார்த்திருக்கின்றன. ஒரு வீடு அதில் அவமதிப்பைக் கண்டது. மற்றொரு வீடு மரியாதையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டது. எனக்கு மீண்டும் சினம் மூண்டது. யார் மேல் என்றுதான் தெளிவாகத் தெரியவில்லை. நோய் வந்ததை ஒரு குற்றம்போல ஒளித்து வைக்கும் பழக்கத்தின் மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

“இன்னைக்கே டாக்டர்கிட்டப் போறோம்” என்றேன்.

“புடுங்குவாகளே.”

“புடுங்கினா நான் பொறுப்பு.” எந்த அடிப்படையில் அவ்வாறு சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

தல்லாகுளத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மெஹருன்னிசா என்ற பல் மருத்துவர் இருக்கிறார். நாற்காலியில் சாய்ந்ததும் கருத்தக்கண்ணன் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார். மருத்துவர் விளக்கை இழுத்து, சிறு கண்ணாடியால் நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

“ஐயா, உங்களுக்குச் சுகர் இருக்கா?”

“இல்லம்மா” என்றார் அவர், வாயைத் திறந்தபடியே.

“உங்க ஈறு இருக்குன்னு சொல்லுது. விரலைக் காட்டுங்க.”

ஊசிமுனைத் துளி இரத்தத்தைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, மருத்துவர் அந்த எண்ணை அவருக்கு மட்டும் காட்டினார். கருத்தக்கண்ணன் குற்றம் வெளிப்பட்டவரைப் போலக் கண்களை மூடிக்கொண்டார்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. “ஈறைப் பார்த்தே எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? சர்க்கரை ரத்தத்துல அல்லவா இருக்கு?”

“ஈறுக்குள்ள ஓடுறதும் அந்த ரத்தம்தானே சார்? சுகர் கட்டுப்பாட்டுல இல்லேன்னா எச்சில் குறையும், வாய் காயும். காஞ்ச வாயில கிருமி நல்லா வளரும். அதை எதிர்க்கிற சக்தியும் உடம்புல குறைஞ்சிரும். ஈறு வீங்கும், ரத்தம் வரும், சீழ் பிடிக்கும். கடைசியில பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைஞ்சிரும். அப்பப் பல்லு ஆடாம என்ன செய்யும்?”

“அப்ப, பல்லுல எந்தக் கோளாறும் இல்லையா?”

“பல்லு நல்ல பல்லுதான். அது ஊணி நிக்கிற இடம் போச்சு.” பிறகு நான் சற்றும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். “இது ரெண்டு பக்கமும் வேலை செய்யும் சார். சுகரால ஈறு கெடும். ஈறுல சீழ் இருக்கிற வரைக்கும் சுகரும் இறங்க மறுக்கும். ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டுக்கிட்டே இருக்கும்.”

நான் அந்தச் செய்தியை மனத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இருபுறமும் ஓடும் வழி என்றால், எந்தப் புறத்தில் மறித்தாலும் சிறிது பயன் கிடைக்க வேண்டும். அப்படியானால் ஈறுகளைச் சுத்தம் செய்தால் சர்க்கரையும் குறையுமா என்று கேட்டேன். ஓரளவு குறையும் என்றும், மாத்திரைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் அது மாற்றாகிவிடாது என்றும் மருத்துவர் சொன்னார். அடுத்து நாக்கு ஏன் ருசியிழக்கிறது, வெந்நீர் ஏன் இதமாக இருக்கிறது, வலியே இல்லாமல் பல் எப்படி விழுகிறது என்று நான் கேட்டுக்கொண்டே போக, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினர்.

“வாத்தியாரய்யா,” என்றார் கருத்தக்கண்ணன் நாற்காலியிலிருந்து, “நான் எந்திரிச்சுக்கிறேன், நீங்க வேணா படுத்துக்கிட்டுக் கேளுங்க.”

மருத்துவர் சிரித்துவிட்டார்.

“புடுங்கிருவீகளாம்மா?” என்று அவர் பிறகு கேட்டார். குரல் சிறுத்திருந்தது.

“இன்னைக்கு ஒண்ணையும் தொட மாட்டேன். இந்தச் சுகரோட புடுங்கினா ஆற நாளாகும். நீங்க பயந்ததுல அம்புட்டு உண்மை இருக்கு. அதுக்காகப் புடுங்கவே கூடாதுங்கிறது பொய். முதல்ல சுகர் டாக்டரைப் பாருங்க. நான் கொஞ்சம் கொஞ்சமா ஈறைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வாரேன். சுகர் இறங்கினதும் காப்பாத்த முடியாததை மட்டும் எடுப்போம். ஈறு ஆறினப்பறம் பல்லு கட்டிக்கலாம். எல்லாம் சேர்த்துத் தை மாசம் ஆயிரும். புகையிலை போடுவீங்களா?”

“வெத்தலையோட ஒரு கிள்ளு.”

“அதை இன்னைக்கே விட்டுருங்க. கறி திங்கணுமா வேணாமா?”

அவர் குழந்தையைப் போலத் தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சோழவந்தானுக்கு நீங்களே போயிச் சொல்லிருங்கய்யா.”

“நான் சொன்னா அது சிபாரிசு. நீங்க சொன்னாத்தான் சேதி. உங்க மகனையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

இரண்டு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. அழைத்தால் எடுக்கவில்லை. அஸ்வினி என்னை அழைத்து, “மாமா, ஏதாவது தெரிஞ்சதா?” என்று கேட்டபோது, தெரிந்ததை அவளிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று மட்டும் சொன்னேன். “அப்ப ஏதோ தெரிஞ்சிருக்கு” என்றாள் அவள். அவர் வராமலே போய்விடுவாரோ என்ற அச்சம் எனக்கும் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மாலை அவர் வந்தார். சூர்யபிரகாஷ் உடன் வந்திருந்தான். தங்கப்பாண்டி கூடத்தில் நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க” என்றார், முகத்தைப் பாராமல்.

“நின்னுக்கிட்டே சொல்லிர்றேன். உக்காந்தா சொல்ல மாட்டேன்” என்றார் கருத்தக்கண்ணன். “எனக்குச் சுகர் இருக்கு. ரொம்ப வருசமா. வீட்டுல யாருக்கும் தெரியாது. இவனுக்கே வர்ற வழியிலதான் சொன்னேன். அதால ஈறு கெட்டு, வாயில பல்லு பூரா ஆடுது. நீங்க வச்ச எலும்பத் திங்கிறதுக்கு எனக்குக் குடுப்பினை இல்ல. திங்க வேணாம்னு தள்ளல. உங்க வெத்தலையப் பையில போட்டதும் அதுக்குத்தான். இவனுக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.”

மாயக்காள்தான் கேட்டாள்: “மாப்பிள்ளைக்கு இருக்கா?”

“பாத்ததில்லத்தே” என்றான் சூர்யபிரகாஷ்.

உள்ளறை வாயிலில் நின்ற அஸ்வினி அவனைப் பார்த்து, “நான் ஒண்ணு கேக்கவா?” என்றாள். “உங்க அப்பாவோட கடைசியா எப்ப ஒண்ணா உக்காந்து சாப்பிட்டீக?”

“அப்பா மார்க்கெட்டுலயே சாப்பிட்டு…” என்று தொடங்கியவன் நிறுத்தினான். தந்தையைத் திரும்பிப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியல” என்றான்.

அந்தச் சொல் அவனுக்கு எளிதாக வரவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருக்க வேண்டும். முகம் சற்று இளகியது.

“நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுங்க. ரிசல்ட்ட எனக்கும் அனுப்புங்க. நானும் குடுக்கிறேன்.”

“நீ எதுக்குடி குடுக்கணும்?” என்றார் தங்கப்பாண்டி.

“எங்க அப்பாவுக்கு இருக்கான்னு யாரு பாத்தா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“இவுகளும் இம்புட்டு நாளா அப்பிடித்தான சொன்னாக.”

மாயக்காள் சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைத் தேடினாள். தங்கப்பாண்டி அவளை முறைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். “சரி. பையனுக்கு இருக்குன்னு வந்தா?”

“வந்தா வைத்தியம் பாப்போம். எனக்கு வந்தா அவுக பாக்கணும். மறைச்சாத்தான்ப்பா இந்தச் சம்பந்தம் வேணாம்பேன்.”

தங்கப்பாண்டி மூங்கில் கூடையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார், காம்பைக் கிள்ளினார், என்ன நினைத்தாரோ, அதைக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டார். நோயைப் பற்றி நினைக்கிறாரா, ஊர்ப் பேச்சைப் பற்றி நினைக்கிறாரா என்று அறிய நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. பந்தியில் ஓர் இலையைப் பார்த்து அவர் எவ்வளவு விரைவாக முடிவுக்கு வந்தாரோ, அவ்வளவு தாமதமாக இப்போது ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி,” என்றார் கடைசியில், “டாக்டரு எப்பப் பல்லு கட்டுவாகளாம்?”

“சுகர் எறங்கணுமாம். அப்பறம் ஈறு ஆறணுமாம். தை ஆகும்னாக.”

“ஆவணியில முகூர்த்தம் குறிச்சிருக்கு.”

“நீங்க குறிச்சபடி நடத்துங்க. நான் பாட்டுக்கு ஒரு ஓரமா…”

“அதெல்லாம் முடியாது. எம் மக கல்யாணப் பந்தியில எம் பக்கத்து எலையில நீங்க உக்காந்து திங்கணும். வெந்நியக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீகன்னா எவன் எவன் என்ன பேசுவான்னு எனக்குத்தான் தெரியும்.”

அவர் அலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மறுமுனையில் இருந்தவர் சோதிடர் என்பது பேச்சிலிருந்து விளங்கியது. “ஆவணி வேணாங்க, தையில பாருங்க,” என்று சொல்லிவிட்டுச் சற்றுக் கேட்டார். “பொருத்தத்துல ஒரு குறையும் இல்ல. பொண்ணுக்கும் ஒண்ணும் இல்ல, மாப்பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல.” மீண்டும் கேட்டார். பிறகு, தெருவில் போகிறவர்களும் நின்று திரும்பிப் பார்க்கும்படியாகக் குரலை உயர்த்தினார்.

“சம்பந்திக்கு ஈறு ஆறணும்ங்க. அதுக்குத் தோதா ஒரு நாள் பாருங்க.”